ஸ்கேன் நடுவில் தொங்கினால் கெட்டுப்போன ஃபைல்தானா?

ஜூன் 2, ஞாயிறு, காலை 9:10 (கேட்டவர்)

மீடியா லைப்ரரியை (பாட்டு, படங்களின் தொகுப்பை) மென்பொருள் ஸ்கேன் செய்யும்போது நடுவில் தொங்கி நின்றால், எங்கோ ஒரு கெட்டுப்போன ஃபைல் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஃபோல்டரைப் பாதி பாதியாகப் பிரித்து ஸ்கேன் செய்துகொண்டே போனால் பத்துப் பதினைந்து சுற்றில் மாட்டிக்கொள்ளும். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

ஜூன் 2, காலை 10:45

நான் மறுக்கிறேன். மூன்று மாதமாக இதே தலைவலி.

லினக்ஸ் மெஷின், சுமார் 41,000 பாட்டுகள். இரவு 2 மணிக்குத் தானாக ஸ்கேன் ஓடும். சாதாரணமாக 20 நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை முடியாமல் நிற்கும். ஒருநாள் 12 சதவீதத்தில், ஒருநாள் 63இல், ஒருநாள் 88இல். மென்பொருளை நிறுத்தி மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடி முடிக்கிறது. கெட்ட ஃபைல் என்றால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அல்லவா நிற்கவேண்டும்?

பாதி பாதியும் செய்து பார்த்தாயிற்று. முதல் பாதி பாஸ், இரண்டாம் பாதி பாஸ், இரண்டையும் சேர்த்தாலும் பாஸ்.

லாகில் கடைசியாக எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பாட்டைச் சந்தேகித்து இதுவரை மூன்று பாட்டுகளை நாடு கடத்திவிட்டேன். மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருந்தன.

ஜூன் 3, இரவு 11:20

நேற்று எழுதாமல் விட்டது. நிற்கும்போது சிபியு சும்மாவே இருக்கிறது. அதாவது ஏதோ ஒரு சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் 'டி' நிலை என்று வருமே, டிஸ்கிலிருந்து பதில் வரும்வரை எழுப்பவே முடியாத தூக்கம், அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே டிஸ்கைத்தான் பார்க்கப்போகிறேன்.

பார்த்தும் விட்டேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 (கெட்ட செக்டர் கணக்குகள்) மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 214.

ஜூன் 4, மாலை 7:05

199 பற்றிக் கேட்டவருக்கு: அது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும்போது வரும் சிஆர்சி (தரவு வழியில் சிதைந்ததா என்ற சரிபார்ப்பு) பிழைகளின் எண்ணிக்கை. டிஸ்கின் தட்டு கெட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் கேபிள்தான். 197 என்றால் வேறு கதை. வாசிக்க முடியாமல் தள்ளிவைத்த செக்டர்கள், அதாவது டிஸ்கின் சிறு பகுதிகள், அவை. அது ஏறினால் ஸ்கேனை மறந்துவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

கேபிளை மாற்றினேன். பழையது போர்டு பக்கம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தொட்டதும் கையோடு வந்தது. இதுதான் குற்றவாளி என்று அடித்துச் சொல்வேன். 214 என்ற எண் இனிக் குறையாது, அது ஏறிய படியிலிருந்து இறங்காத கணக்கு. மேலே போகாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

விண்டோஸ்காரர்கள் ஈவென்ட் வியூவரில் 129, 153 ஆகிய எண்களைத் தேடிப்பாருங்கள். டிஸ்க் பதில் சொல்லாமல் போய் ரீசெட் ஆனதும், மறுபடி முயன்றதும் அங்கே பதிவாகும்.

ஜூன் 6, இரவு 10:30

இரண்டு இரவு சுத்தம். 199 இன்னும் 214.

நடுவில் ஒருவர், தன்னுடையதும் தொங்குகிறது, ஆனால் ஐந்து நிமிடத்தில் தானாகக் கிளம்பிவிடுகிறது என்றார். அது தொங்கல் அல்ல, மெதுவாக நடக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெதுவுக்குக் காரணம் எத்தனையோ. பிட்ரேட் மாறிக்கொண்டே போகும் எம்பி3யில் முன்னால் ஜிங் ஹெட்டர் (நீளத்தைச் சொல்லும் குறிப்பு) இல்லை என்றால், பாட்டு எவ்வளவு நீளம் என்று சரியாகச் சொல்ல முழு ஃபைலையும் வாசித்தாகவேண்டும். எம்பி4இல் மூவ் என்ற பகுதிதான் பொருளடக்கம். அது பல ஃபைல்களில் கடைசியில் இருக்கும், வாசிப்பவன் வால்வரை ஓடித் திரும்பவேண்டும். நெட்வொர்க் வழியாக என்றால் இன்னும் இழுக்கும். உறங்கிக்கிடக்கும் டிஸ்க் சுழன்று எழவே பத்து விநாடி ஆகலாம். இவை எல்லாம் எரிச்சல்தான். ஆனால் முடிந்துவிடும். என்னுடையது முடியாத வகை.

(பிறகு சேர்த்தது: "முடியாத வகை" என்றது முழு உண்மை அல்ல. 15ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.)

ஜூன் 9, மதியம் 3:15

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைல்களால் ஸ்கேனர் நிற்குமா என்று கேள்வி.

நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் குழம்பும். 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடாக, அல்லது க, ஏகாரக் குறி, கால் என மூன்றாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைட் கணக்கில் வேறு வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து நகலெடுத்த பாட்டு டேட்டாபேஸில் ஒரு மாதிரியும் டிஸ்கில் ஒரு மாதிரியும் இருந்தால், ஸ்கேனர் தினமும் "பழையது காணோம், புதியது வந்திருக்கிறது" என்று ஒரே பாட்டை அழித்து அழித்துச் சேர்க்கும்.

இன்னொன்று, லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8இல் தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 'ஸ்ரீ' என்று ஒரு எழுத்தாகத் தெரிவது 4 குறியீடு, 12 பைட். படம், பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு என்று எல்லாவற்றையும் பெயரிலேயே திணிப்பவர்கள் 85 குறியீட்டில் முட்டிக்கொள்வார்கள். நான் முட்டியிருக்கிறேன்.

சரி, கிளம்புகிறேன். லைப்ரரி ஐந்து இரவாக ஒழுங்கு.

ஜூன் 13, இரவு 9:00

ஒன்பது இரவுகள். ஒருமுறைகூட நிற்கவில்லை. கேபிள்தான். தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் 15, சனி, காலை 7:40

எழுதியதை அழித்துவிடுங்கள். 34 சதவீதத்தில் நிற்கிறது. இரவு 2:06இலிருந்து.

இந்த முறை ரீஸ்டார்ட் செய்யப்போவதில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

காப்பி குடித்துக்கொண்டே பழைய லாகுகளைப் புரட்டியதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. கடந்த மூன்று மாதத்தில் நான் எண்ணியதைவிட அதிகமான தடவை நின்றிருக்கிறது. வாரநாட்களில் பல நாள் 2:05, 2:10 வாக்கில் நின்று, காலை சரியாக 6 மணிக்குத் தானாகக் கிளம்பி முடித்திருக்கிறது. நான் எழுந்து பார்க்கும்போது "முடிந்தது" என்றிருக்கும், நானும் போய்விடுவேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்ததே இல்லை. சில நாள் நான்கு மணி நேரம்! சனி, ஞாயிறில் மட்டும் தானாகக் கிளம்புவதில்லை. அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

மெஷினுக்கு வார விடுமுறை யார் கொடுத்தது?

ஜூன் 15, காலை 8:25

ஒருவர் எழுதியது நெற்றிப்பொட்டில் அடித்தது. "'டி' நிலையில் இருக்கும் ப்ராசஸ் (ஓடும் நிரல்) பெரும்பாலும் கில் -9 என்ற கட்டாயக் கொலைக் கட்டளை போட்டாலும் அசையாது. உன்னுடையதோ ரீஸ்டார்ட் என்றதும் அடுத்த நொடி செத்துவிடுகிறது என்கிறாய், அப்புறம் எப்படி 'டி'? நிற்கும்போது ஒரு தடவையாவது பார்த்தாயா?"

பார்க்கவில்லை. 3ஆம் தேதி எழுதியபோது 'இருக்கவேண்டும்' என்று எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள். அந்த 'வேண்டும்'மேல் ஏறி ஒரு கேபிளை மாற்றியிருக்கிறேன்.

இப்போது பார்த்தேன். 'எஸ்'. சாதாரணத் தூக்கம். மெஷினின் வேலைப்பளுவைக் காட்டும் லோட் எண்ணும் 0.1க்குக் கீழே. 'டி'யில் இருப்பவை லோட் கணக்கில் சேரும், ஆகவே குறைந்தது 1 காட்டியிருக்கவேண்டும். இத்தனை நாள் திரையின் மூலையில் அந்த எண் இருந்தது.

டிஸ்க் நிரபராதி. கேபிள் ஆடியது உண்மை, 199 ஏறியதும் உண்மை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 15, காலை 9:50

எதற்காகத் தூங்குகிறது? எல்சாஃப் போட்டு என்னென்ன ஃபைல் திறந்து வைத்திருக்கிறது என்று பார்த்தேன். டேட்டாபேஸ், லாக், அவ்வளவுதான். ஒரு பாட்டுகூட இல்லை. ஸ்கேன் செய்துகொண்டிருப்பதாகச் சொல்பவன் கையில் பாட்டே இல்லை.

அடுத்து, கர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) எந்த ஃபங்ஷனில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ப்ராக் ஃபோல்டரில் டபிள்யூசான் என்ற இடத்தில் பார்க்கலாம். அங்கே இருந்த பெயர்: வெயிட் ஃபார் பார்ட்னர்.

துணைக்காகக் காத்திருக்கிறதாம். இரவு 2:06இலிருந்து வரன் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 15, காலை 10:20

ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை ஒட்டவைத்தேன், எல்லாத் திரெட்டுகளும் தெரிகிறமாதிரி எஃப் சேர்த்து. ஒரே ஒரு வரி. ஓப்பன் அழைப்பு, அது இன்னும் திரும்பவில்லை. அடைப்புக்குள் பாதை: பாட்டு லைப்ரரிக்குள்ளே பதிவுகள் ஃபோல்டர், அதற்குள்ளே தற்காலிகம்.எம்பி3.

எல்சாஃபில் ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. அது திறந்து முடித்த ஃபைல்களைத்தான் காட்டும். இங்கே திறப்பதே இன்னும் முடியவில்லை. வாசலில் நிற்பவனை வீட்டுக்குள் தேடியிருக்கிறேன்.

ஃபைல் விவரம் காட்டும் எல்எஸ் எல் போட்டேன். வரியின் முதல் எழுத்து கோடாக இருக்கவேண்டிய இடத்தில் 'பி'. அளவு 0.

இது ஃபைலே இல்லை. பைப். பெயர் வைத்த பைப், ஃபைஃபோ என்பார்கள். ஒருவர் ஒரு பக்கம் எழுத, இன்னொருவர் மறுபக்கம் வாசிப்பதற்கான குழாய். எழுத யாரும் வராமல் வாசிப்பதற்காகத் திறந்தால் ஓப்பன் அழைப்பு அங்கேயே நிற்கும், எழுதுபவர் வந்து மறுமுனையைத் திறக்கும்வரை. எவ்வளவு நேரமானாலும். இது கர்னலில் பிழை இல்லை, அது அப்படித்தான்.

இன்னொரு டெர்மினலில் அந்தப் பெயருக்குள் ஒரு வெற்று எக்கோவை (காலி வரி ஒன்றை) அனுப்பினேன். என்டர் தட்டிய மறுகணம் 34 சதவீதம் 35 ஆனது.

யார் வைத்தது அந்தப் பைப்பை என்று கேட்காதீர்கள். நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஜூன் 15, மதியம் 2:10

நான்தான்.

வாரநாட்களில் காலை 6 மணி இணைய வானொலி நிகழ்ச்சி ஒன்றை ஒரு மணி நேரம் பதிவு செய்ய ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருக்கிறேன். கர்ல் ஸ்ட்ரீமை இழுத்துப் பைப்பில் ஊற்றும், எஃப்எஃப்எம்பெக் மறுபக்கம் வாசித்து ஃபைலாக்கும். பைப்பை எங்கே வைப்பது? பதிவு போய்ச் சேரும் ஃபோல்டரிலேயே வைத்தேன். பெயருக்கு எம்பி3 என்று வால் வைத்ததும் நானே. ஸ்கேனர் வாலைப் பார்த்துத்தான் எடுக்கிறது.

ஸ்கிரிப்டின் கடைசி வரி பைப்பை அழிக்கிறது. முதல் வரியோ, எங்காவது பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடு என்று சொல்கிறது. ஸ்ட்ரீம் நடுவில் அறுந்த நாட்களில் கடைசி வரிவரை போகவே போகாது. பைப் அப்படியே கிடக்கும். மறுநாள் ஸ்கிரிப்ட் "பைப் ஏற்கெனவே இருக்கிறதா? சரி" என்று அதையே எடுத்துக்கொள்ளும். அன்று ஒழுங்காக முடிந்தால் அழித்துவிடும். தடயமும் போய்விடும்.

நான் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தது ஒரு செவ்வாய் மாலை. அன்று காலைப் பதிவு நல்லபடியாக முடிந்திருக்கிறது, லாகில் இருக்கிறது. தேடிய நேரத்தில் தேடிய பொருளே வீட்டில் இல்லை.

ஜூன் 16, காலை 11:00

ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறேன், எனக்காகவும்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரீம் அறுந்தது என்று வையுங்கள். பைப் மிச்சம். புதன் இரவு 2 மணி ஸ்கேன் அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பைப்பைத் திறந்து நிற்கும். காலை 6க்கு ஸ்கிரிப்ட் எழுத வரும், துணை கிடைக்கும், ஸ்கேன் கிளம்பும். வெள்ளி அறுந்தால்? சனி இரவு நிற்கும், திங்கள் காலைதான் விடிவு. வார விடுமுறை மர்மம் அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாவது ஏன்? பைப் அங்கேயேதானே இருக்கிறது? இந்த மென்பொருள் ஃபோல்டருக்குள் நுழையும்போதே அதன் மாற்ற நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. மறுபடி கிளப்பினால் "இதைத்தான் பார்த்தாயிற்றே" என்று தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த பதிவு அந்த ஃபோல்டரில் புது ஃபைல் போட்ட பிறகுதான் மறுபடி நுழையும்.

சதவீதம் தினமும் மாறியதற்கும் இதே காரணம். அது 41,000இல் எத்தனை என்ற கணக்கு அல்ல, அன்று மாறிய ஃபோல்டர்களில் எத்தனை என்ற கணக்கு. முதல் குறிப்பில் "அதே இடத்தில் அல்லவா நிற்கவேண்டும்" என்று வீரமாகக் கேட்டேனே, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறது.

லாகில் கடைசிப் பெயர்? இது ஒரு ஃபைலை வாசித்து முடித்த பிறகுதான் பெயரை எழுதுகிறது. பதிவுகள் ஃபோல்டரில் பைப்தான் முதலில் வருகிறது, ஆகவே கடைசிப் பெயர் எப்போதும் முந்தைய ஃபோல்டரின் பாட்டு. மூன்று அப்பாவிகள்.

ஜூன் 17, இரவு 10:15

இது தனி எரிச்சல் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், அதனால் இங்கே சொல்லவில்லை. சில நாள் பதிவுகளில் முதல் சில விநாடி நறுக்கு நறுக்காக இருக்கும், அறிவிப்பாளர் வணக்கம் சொல்வதை யாரோ கத்தரியால் வெட்டியதுபோல. வானொலிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று தேதிகளை ஒப்பிட்டேன். ஸ்கேன் 6 மணிக்குக் கிளம்பிய நாட்கள் எவையோ அவைதான் வெட்டுப்பட்ட நாட்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பைப்பில் வரும் பைட்டை ஒருவர் வாசித்துவிட்டால் மற்றவருக்கு அது கிடைக்காது. 6 மணிக்குக் கதவு திறந்ததும் எஃப்எஃப்எம்பெக்கும் ஸ்கேனரும் ஒரே குழாயில் வாய்வைத்துக் குடித்திருக்கின்றன. சோதனை ஃபோல்டரில் ஒரு பைப் போட்டு எஸ்ட்ரேஸில் கூட்டிப் பார்த்தேன்: ஸ்கேனர் முதலில் 65,536 பைட் கேட்கிறது. ஸ்ட்ரீம் 128 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 16,000 பைட். நான்கு விநாடிச் சத்தம். இருவரும் மாறி மாறி எடுப்பதால் எட்டு விநாடிக்குள் அந்த நான்கும் சிதறிப்போகிறது. குடித்து முடித்ததும் ஸ்கேனர் பின்னால் நகரப் பார்க்கிறது, பைப்பில் நகர முடியாது, "இல்லீகல் சீக்" என்று பிழை எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறது.

அந்தப் பிழை வரி மூன்று மாத லாகிலும் 6:00க்கு உட்கார்ந்திருக்கிறது. நான் எப்போதும் 2 மணிப் பக்கம்தான் படித்தேன்.

ஜூன் 18, இரவு 8:40

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். வெளியேறும்போது கட்டாயம் அழி என்று ட்ராப் வரி சேர்த்தாயிற்று.

ஜூன் 18, இரவு 9:55

கில் -9க்கும் கரண்ட் போவதற்கும் ட்ராப் ஓடாது என்று உடனே இரண்டு பேர். சரிதான். பைப்பை லைப்ரரியை விட்டே வெளியேற்றி ரன் ஃபோல்டருக்கு மாற்றினேன். அது மெமரியில் இருப்பது, பூட் ஆனால் துடைத்துக்கொள்ளும். எம்பி3 என்ற வாலையும் வெட்டினேன்.

பெயர் வைத்த பைப்பே எதற்கு, இரண்டு கட்டளைக்கும் நடுவே குழாய்க்கோடு (|) போட்டு நேராக இணைக்கலாமே என்கிறார் இன்னொருவர். போடலாம். இரண்டு ஆண்டுக்கு முன் ஏதோ காரணம் இருந்தது. ஸ்கிரிப்டில் குறிப்பு எழுதவில்லை.

ஜூன் 20, இரவு 7:30

முதலில் கேள்வி கேட்டவர் தன் மெஷினில் ஃபைண்ட் கட்டளையில் வகை 'பி' (பைப்) என்று போட்டுத் தேடியிருக்கிறார், எதுவும் வரவில்லை. வராது. உங்களுடையது நிஜமாகவே 'டி', நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். 120 விநாடிக்கு மேல் முடங்கியது என்று கர்னல் லாகிலும் வந்திருக்கிறது. பாட்டுகள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக வேறு மெஷினிலிருந்து வருகின்றன, இணைத்திருக்கும் வகை ஹார்ட். அந்த வகையில் சர்வர் பதில் சொல்லாவிட்டால் ஃபைல் கேட்ட நிரல் காத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்து மெஷின் இரவில் உறங்கப் போகிறதா என்று முதலில் பாருங்கள். சாஃப்ட் என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும், ஆனால் நேரம் கடந்தால் பாதியில் பிழை என்று கைவிரித்துவிடும். வாசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை, எழுதவும் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம்.

உங்கள் கட்சி பற்றி: கெட்டுப்போன ஃபைல் என்றீர்கள். என் வீட்டில் அது கெடவுமில்லை, ஃபைலுமில்லை. மற்றபடி ஏறக்குறைய சரி.

ஜூன் 30, ஞாயிறு, காலை 9:20

மென்பொருள் எழுதுபவர்களுக்குத் தகவல் அனுப்பினேன். திறப்பதற்கு முன் சாதாரண ஃபைல்தானா என்று ஒரு ஸ்டாட் போட்டுப் பார்த்தால் போதும். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாரம் ஸ்ட்ரீம் இரண்டு முறை அறுந்தது. நேற்று இரவு 2 மணி ஸ்கேன் 19 நிமிடம், இன்று 21. 199 இன்னும் 214தான், கேபிளுக்குப் போட்ட காசு வீணில்லை.

நாடு கடத்திய மூன்று பாட்டுகளில் இரண்டு பழைய பேக்கப்பில் கிடைத்தன. மூன்றாவது எதிலும் இல்லை.